ஜியோடா, கல்லுப் பெட்டியா, களப்பயணமா, கரை மணலா? திருகோணமலை வகுப்பறைக்கு எது சரிவரும்

பாறை, கனியம், மண் என்ற அலகு வந்தால் திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கு நாலு யோசனை வரும். உள்ளே படிகம் மின்னும் ஜியோட் கற்களை வாங்கி வகுப்பில் உடைத்துக் காட்டலாம். பெயர் ஒட்டிய மாதிரிக் கற்கள் அடுக்கிய பெட்டி ஒன்றை வாங்கலாம். பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கோணேசர் மலை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், புல்மோட்டை என்று கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் கரையிலிருந்து மணலை அள்ளி வந்து மேசையில் கொட்டலாம். நாலையும் செய்ய முடிந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கையில் எவ்வளவு காசு நிற்கும் என்று நமக்குத் தெரியும். இந்த அலகுக்குக் கிடைக்கும் பாடவேளை எத்தனை என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணலை முதலில் வையுங்கள். ஜியோட் ஒன்றே ஒன்று போதும், அதையும் கடைசியில் எடுங்கள். இடையில் என்ன செய்யலாம் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டும்.

பிள்ளைகள் கேட்பது என்னவோ ஜியோடைத்தான். யூரியூப்பில் பார்த்திருப்பார்கள்: வெளியே ஒரு அழகும் இல்லாத சொரசொரப்பான உருண்டை, உளி வைத்து ஒரு தட்டு, இரண்டாகப் பிளந்தால் உள்ளே முழுக்க ஊதாப் படிகம். அந்த நொடிக்கு வகுப்பு முழுவதும் எழும்பி நிற்கும். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அதற்குள் நல்ல பாடமும் இருக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது உள்ளே அகப்பட்ட வாயுக் குமிழி பொந்தாக நின்றுவிடுகிறது. பிறகு நிலத்தடி நீர் கரைந்த சிலிக்காவோடு அந்தப் பொந்துக்குள் கசிந்து, சுவரில் படலம் படலமாகப் படியவிடுகிறது. பெரும்பாலும் முதலில் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்படிகங்களால் ஆன அகேட் வரிகள் வரும். நடுவில் இன்னும் இடம் இருந்தால் குவார்ட்ஸ் படிகங்கள் வளரும். வளர்வதற்கு வெளி அங்கேதான் உண்டு என்பதால் எல்லாம் உள்நோக்கியே கூர் நீட்டும். ஆகவே வெட்டிய முகத்தில் விளிம்பில் இருப்பது பழையது, நடுவில் இருப்பது புதியது. "எது முதல் வந்தது?" என்று கேட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டும். பாறையைப் பார்த்துக் காலத்தை வாசிக்கும் பழக்கத்துக்கு இது நல்ல தொடக்கம்.

ஊதா நிறத்திலும் கதை உண்டு. ஊதாக் குவார்ட்ஸான செவ்வந்திக்கல்லின் படிகத்துக்குள் சிறிதளவு இரும்பு அகப்பட்டு, அதில் இயற்கைக் கதிர்வீச்சு பட்டதால் வந்த நிறம் அது. அதே கல்லைச் சூடாக்கினால் மஞ்சளாகிவிடும். கடைகளில் சிட்ரின் என்று விற்கும் மஞ்சள் கல்லில் பெரும்பங்கு இப்படிச் சுட்ட செவ்வந்திக்கல்தான். எல்லா ஜியோடும் எரிமலையில் பிறந்ததும் அல்ல. அமெரிக்காவின் அயோவாப் பக்கத்து ஜியோட்கள் அடையற் பாறைப் பொந்துகளில் உண்டானவை. அயோவா மாநிலம் 1967 இல் ஜியோடைத் தன் மாநிலக் கல்லாகவே அறிவித்தது. ஸ்பெயினில் புல்பி என்ற ஊரின் பழைய சுரங்கத்துக்குள் 8 மீற்றர் நீளமான ஜியோட் ஒன்று இருக்கிறது. ஆள் உள்ளே போகலாம், சுவர் முழுக்க ஜிப்சம் படிகம்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் கடைசியில் வைக்கிறேன்? முதலாவது, கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஏற்கெனவே அறுத்து மினுக்கியது. அதில் சாயம் போட்டதும் நிறைய. அகேட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, சாயத்தை நன்றாகக் குடிக்கும். ஜேர்மனியின் ஈடார்-ஓபர்ஸ்டைன் நகரத்தில் 19 ஆம் நூற்றாண்டிலிருந்தே இதை ஒரு கைத்தொழிலாகச் செய்கிறார்கள். பளீர் நீலம், பளீர் றோசா நிறத்தில் அகேட் துண்டு கண்டால் சாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். விஞ்ஞான வகுப்புக்குக் கொண்டுவரும் கல்லின் நிறமே சாயம் என்றால் பிறகு எதைக் கவனிக்கச் சொல்வது?

இரண்டாவது, ஒரு கல்லை ஒருமுறைதான் உடைக்கலாம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சுத்தியல் பிடிக்கிறது ஒருத்தர், கிட்டப் பார்ப்பது முன்வரிசை. மற்றவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்கும். உடைத்தபின் அந்தக் கல்லிடம் கேட்க இன்னும் இரண்டு மூன்று கேள்விதான் மிச்சம் இருக்கும். கண்ணாடி அணியாமல், சாக்கில் சுற்றாமல் உடைத்தால் சில்லுத் தெறிக்கும் என்பது வேறு கவலை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. ஜியோட் நம்முடைய மண்ணின் கல் அல்ல. கடைக்கு வருபவை பிரேசில், உருகுவே, மொரோக்கோவிலிருந்து வரும். கிட்ட என்றால் இந்தியாவின் தக்காணப் பீடபூமி, அதாவது ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரந்து மூடிய மகாராஷ்டிரப் பக்கம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறை. அது பூமிக்கு அடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அமுக்கத்திலும் பதப்பட்டு வந்தது. அந்த அமுக்கத்தில் குமிழிப் பொந்து எங்கே தப்பும்? "மிஸ், நிலாவெளியில தோண்டினா ஜியோட் கிடைக்குமா?" என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். கிடைக்காது என்பதும், ஏன் கிடைக்காது என்பதும் அந்தப் பாடவேளையின் ஆகச்சிறந்த பகுதி. ஆனால் அந்த விடை விளங்குவதற்கு முதல் நம்முடைய கல் எது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் ஜியோட் கடைசி.

படிகம் வளர்வதைக் காட்டவேண்டும் என்றால் சீனக்காரம் இருக்கிறது. முட்டையை நீளவாக்கில் பாதியாக உடைத்துக் கழுவிக் காயவைத்து, உட்புறம் பசை பூசிச் சீனக்காரத் தூளைத் தூவுங்கள். பசை காய்ந்ததும், சுடுநீரில் இனிக் கரையாது என்ற அளவுக்குச் சீனக்காரம் கரைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, கோதை அதற்குள் அமிழ்த்தி ஆடாமல் ஓரிரவு வைத்தால் காலையில் கோதுக்குள் படிகம் நிற்கும். வேகமாக ஆறினால் சிறு படிகம், மெதுவாக ஆறினால் பெரிய படிகம் என்பதையும் இரண்டு பாத்திரத்தில் ஒப்பிட்டுக் காட்டலாம். இது ஜியோட் அல்ல. உண்மையான ஜியோடில் சூடான கரைசல் ஒரே இரவில் ஆறவில்லை என்பதைச் சொல்லத் தவறக்கூடாது. ஆனால் நாற்பது பிள்ளைக்கும் ஆளுக்கொரு கோது கிடைக்கும்.

கல்லுப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நம்மிடம் இல்லாத கற்களுக்கு அது உதவும்: பசோல்ட், நுரைக்கல், மணற்கல், மாக்கல். தீப்பாறை, அடையற் பாறை, உருமாறிய பாறை என்ற மூன்றையும் பரீட்சைக்குக் கேட்பார்கள், மூன்றையும் கையில் பிடித்த பிள்ளைக்கு மறக்காது. ஆனால் பெட்டியில் ஒவ்வொரு கல்லுக்கும் கீழே பெயர் எழுதி இருக்கும். பிள்ளைகள் கல்லைப் பார்க்கமாட்டார்கள், பெயரைத்தான் பார்ப்பார்கள். பெட்டி ஏற்கெனவே பாடசாலையில் இருந்தால் முதல் வேலையாகப் பெயர்த்துண்டுகளைக் கழற்றிவிட்டு இலக்கம் மட்டும் ஒட்டுங்கள். இல்லையென்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள், ஏனென்றால் நல்ல மாதிரிக் கல் தெருவில் கிடக்கிறது.

வீடு கட்டும் இடத்துச் சல்லிக்கல் குவியலைச் சொல்கிறேன். கருங்கல் குவாரியில் உடைத்து வந்த சல்லிக்கு இருக்கும் பெரிய நன்மை, அதன் முகம் புதிது. வெயிலும் மழையும் பட்ட பாறையின் வெளித்தோல் மங்கி, பாசியும் கறையும் ஏறிக் கிடக்கும். உடைந்த சல்லியில் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். மேசன்மாரிடம் கேட்டால் ஒரு வாளி தருவார்கள். கழுவிப் பரப்பினால் வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக ஓடும் நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறைத் துண்டு, வெளிச்சத்தில் தகடாக மின்னும் மைக்கா, கண்ணாடிபோல் உடைந்த குவார்ட்ஸ், தட்டையான முகம் காட்டும் பெல்ஸ்பார், சில துண்டுகளில் சிவப்புப் புள்ளியாகக் கார்னெட். வரியே இல்லாமல் எண்ணெய்ப் பசையோடு கரும்பச்சையாக ஒரு துண்டு கிடைத்தால் அது சார்னொக்கைட்டாக இருக்கலாம். அந்தப் பெயருக்கு உரியவர் கல்கத்தா வரலாற்றில் வரும் ஜோப் சார்னொக். அவருடைய கல்லறைக் கல்லை ஆராய்ந்துதான் தோமஸ் ஹொலண்ட் என்ற புவிச்சரிதவியலாளர் அந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார்.

சல்லியில் கடினத்தன்மையையும் சோதிக்கலாம். பிரெட்ரிக் மோஸ் 1812 இல் வகுத்த அளவில் டல்க் 1, வைரம் 10. நகம் ஏறத்தாழ 2.5, சாதாரணக் கண்ணாடி 5.5, குவார்ட்ஸ் 7. கண்ணாடித் துண்டை மேசையில் தட்டையாக வைத்துக் கல்லால் கீறிப் பார்க்கச் சொன்னால் குவார்ட்ஸ் எது, அதைவிட மென்மையான கல்சைட் எது என்ற சந்தேகம் அங்கேயே தீரும். கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு கீறக்கூடாது. அதை மட்டும் இரண்டு தரம் சொல்லுங்கள்.

களப்பயணம் என்றால் பெற்றோருக்குச் சந்தோஷம், பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷம், அதிபருக்குத்தான் தலையிடி. வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, வாகனம், பெற்றோர் ஒப்புதல், சாப்பாடு எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் பாறையைப் பாறையாகப் பார்க்க, அதாவது ஒரு துண்டாக இல்லாமல் மலையாகப் பார்க்க, வேறு வழி இல்லை. எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் போவதுதான் வழக்கமாக நடக்கும் கூத்து. மூன்று இடத்துக்கும் போய் மூன்றிலும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். கோணேசர் மலைக்குப் போன வகுப்பிடம் பிறகு என்ன கண்டீர்கள் என்று கேட்டால் பிரெட்ரிக் கோட்டை வாசலில் நின்ற மான் என்றுதான் பாதிப்பேர் எழுதுவார்கள்.

அரைநாளில் கோணேசர் மலையும் கன்னியாவும் போதும். மலையில் பார்க்கவேண்டியது இரண்டு: பாறையில் ஓடும் வரிகள், அந்த வரிகளை வெட்டிக்கொண்டு போகும் வெடிப்புகள். வரி உருமாற்றத்தின்போது வந்தது, வெடிப்பு அதற்குப் பிறகு வந்தது. இதுவும் "எது முதல்?" என்ற கேள்விதான். இராவணன் வெட்டுக்கு முன்னால் நின்று இராவணன் கதையைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள், அவர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். அப்புறம் அதே இடத்தில் பாறை ஏன் ஒரே நேர்கோட்டில் பிளக்கிறது, கடலலை அந்தப் பிளவை எப்படி அகட்டுகிறது என்று பேசலாம். ஒன்று மற்றதைக் கெடுக்காது. சுத்தியலைப் பாடசாலையிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். கோயிலும் கோட்டையும் இருக்கும் இடத்தில் ஒரு கல்லும் உடைக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

கன்னியாவுக்கு ஆய்வுகூட வெப்பமானியைக் கொண்டுபோங்கள். ஏழு கிணறு, எல்லாவற்றிலும் சூடு ஒன்றல்ல. வகுப்பை ஏழு குழுவாகப் பிரித்து அளக்க விட்டால் அங்கேயே ஒரு அட்டவணை வந்துவிடும். "கீழே எரிமலை இருக்கா?" என்று கேட்பார்கள். இல்லை. மழைநீர் பாறை வெடிப்பு வழியே ஆழமாக இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பொதுவாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடு கூடும். அங்கே சூடேறிய நீர் இன்னொரு வெடிப்பு வழியே மேலே வருகிறது. காலையில் கோணேசர் மலையில் பார்த்த வெடிப்பு வறண்டது, இங்கே பார்ப்பது நீர் ஓடுவது. இப்படிச் சொன்னால் இரண்டு இடமும் ஒரே பாடமாகிவிடும்.

புல்மோட்டை வேறு கணக்கு. நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர், நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் போகவேண்டும். கரை மணலிலிருந்து கனியங்களைப் பிரிக்கும் கனிய மணல் ஆலைக்குள் நுழைய முன்கூட்டிக் கடிதம் எழுதி அனுமதி வாங்கவேண்டும். பத்தாம், பதினொராம் வகுப்புக்கும் உயர்தரப் பிள்ளைகளுக்கும் அது பெறுமதியான பயணம். ஆறாம், ஏழாம் வகுப்புக்கு ஆலை வெறும் இரைச்சல். அந்த வயதுக்குப் புல்மோட்டையைப் பார்ப்பதைவிட, அந்த ஆலை செய்கிற வேலையை மேசையில் செய்து பார்ப்பது நல்லது. மணலை முதலில் வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

புல்மோட்டைக் கரை மணலில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைட் என்ற கறுப்புக் கனியம். மிச்சத்தில் சிர்கோன், ரூட்டைல், கொஞ்சம் கார்னெட், சிலிமனைட். உலகத்தில் பல நாட்டுக் கரைகளில் கனிய மணல் உண்டு, ஆனால் இவ்வளவு செறிவாகக் கிடைப்பது அபூர்வம். அரசாங்கம் 1957 இலேயே கனிய மணலுக்கென்று ஒரு கூட்டுத்தாபனம் அமைத்தது இதற்காகத்தான். புல்மோட்டை வரை போகாமலே திருகோணமலைக் கரைகளில் இதன் சிறு உறவுகளைக் காணலாம். வடகீழ்ப் பருவக்காற்றுக் கடல் அடங்கியபின் உப்புவெளிப் பக்கம் நடந்தால் வெளிர் மணலுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் கிடக்கும். ஊத்தை என்று பலர் நினைத்துத் தாண்டிப்போவது அதைத்தான்.

இதற்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தன் வீட்டுக்குக் கிட்ட உள்ள மணலில் ஒரு நெருப்புப்பெட்டி நிறையக் கொண்டுவரச் சொல்லுங்கள், எடுத்த இடத்தைப் பெட்டியின்மேல் எழுதவேண்டும். டச் பே, அலஸ்தோட்டம், நிலாவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று வகுப்புக்குள் மாவட்டத்தின் பாதி வந்துவிடும். புறாத் தீவிலிருந்து மட்டும் வேண்டாம். அது தேசிய பூங்கா, ஒரு சிப்பிகூட எடுக்கக்கூடாது.

வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவிக் கைவில்லையால் பாருங்கள். வில்லை இல்லாவிட்டால் போன் கமராவைப் பெரிதாக்கினால் போதும். மணல் நிறம் என்று நாம் சொல்லும் அந்த நிறம் காணாமல் போய்விடும். கண்ணாடித் துணுக்கு போன்றது குவார்ட்ஸ், மங்கலான வெள்ளையும் மண்ணிறமும் சிப்பியும் பவளமும், இளஞ்சிவப்பு மணி கார்னெட், பளபளக்கும் கறுப்பு இல்மனைட் அல்லது மக்னடைட் என்ற காந்த இரும்புக் கனியம். ஒரு சிட்டிகையில் எத்தனை வகை என்று எண்ண விட்டால் சண்டை வரும். வரட்டும்.

பிறகு காந்தம். பொலித்தீன் பையில் சுற்றியே பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய துகளைக் கழற்றுவதற்குள் மணி அடித்துவிடும். பழைய ஸ்பீக்கர் காந்தத்துக்கு மக்னடைட் துள்ளி வந்து மயிர்க்கூச்செறிந்ததுபோல் நிற்கும், இல்மனைட் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கணினி திருத்தும் கடையில் பழுதான ஹார்ட் டிஸ்க்கின் காந்தத்தைக் கேட்டு வாங்கிப் பிடித்தால் இல்மனைட்டும் எழும்பும். கையில் கவனம், விரலை நசுக்கும் வலு அதற்கு உண்டு. கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதை இரண்டு காந்தங்கள் பிரித்துக் காட்டிவிடும்.

அடுத்தது பாரம். அரிசி அரித்துக் கல் பிரிக்கிற அதே கைப்பழக்கத்தைச் சிரட்டையில் செய்யுங்கள். மணலையும் தண்ணீரையும் போட்டு மெல்லச் சுழற்றி, மேலே மிதந்து வருவதை வடித்துக்கொண்டே போனால் அடியில் கறுப்பு மிஞ்சும். ஒரே கனவளவில் தண்ணீரைவிடக் குவார்ட்ஸ் 2.65 மடங்கு பாரம், இல்மனைட் ஏறத்தாழ 4.7 மடங்கு. கடலும் இதையேதான் செய்கிறது. அலை ஏறும்போது எல்லாவற்றையும் தூக்கி வருகிறது, இறங்கும்போது வேகம் குறைந்த நீர் பாரம் குறைந்ததை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது, பாரமானது கரையில் தங்கிவிடுகிறது. சிரட்டையில் மிஞ்சிய கறுப்பையும் கரையில் கண்ட கறுப்புக் கோட்டையும் பிள்ளையே சேர்த்துப் பார்த்துவிடும், நாம் சொல்லத் தேவையில்லை.

ஆலையிலும் அடிப்படை இதுவே. நீரோடும் சுருள் வழிகளில் பாரத்தை வைத்துப் பிரிப்பார்கள், பிறகு காந்தத்தால் இல்மனைட்டை எடுப்பார்கள். ரூட்டைலையும் சிர்கோனையும் பிரிக்க மின்னைப் பயன்படுத்துவார்கள். ரூட்டைல் ஓரளவு மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. பத்தாம் வகுப்பு வந்தபின் புல்மோட்டைக்குப் போகும் பிள்ளைக்கு ஆலை இரைச்சலாக இராது, மூன்று வருடத்துக்கு முன் சிரட்டையோடு செய்த வேலை என்று தெரியும். அந்தக் கறுப்பு மணலிலிருந்து வருவது வெள்ளைப் பெயின்ற் என்று சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள். இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டைஒக்சைட் பெயின்றுக்கும் பற்பசைக்கும் வெண்மை தருகிறது.

நிலாவெளி மணலில் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ சொட்டினால் நுரைக்கும். அது சிப்பியும் பவளமும், கல்சியம் காபனேற்று. கட்டட வேலைக்கு வந்த ஆற்று மணலில் நுரை வராது. ஆற்று மணலைக் கைவில்லையில் பார்த்தால் மணிகள் கூர்கூராக, பெரிதும் சிறிதும் கலந்து இருக்கும். கடல் மணல் அலையில் உருண்டு உருண்டு, ஒரே அளவாகத் தேறி இருக்கும். மூதூர்ப் பக்கத்து மணலுக்கு இன்னொரு கதை. 335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலில் சேர்கிறது. மத்திய மலைநாட்டுப் பாறை துகளாகி அந்த நெருப்புப்பெட்டிக்குள் வந்து கிடக்கலாம். விக்டோரியா போன்ற அணைகள் நீரோடு சேர்த்து மணலையும் மறிக்கின்றன, மறித்தால் கரைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைப் பெரிய வகுப்பில் விட்டுப் பாருங்கள். கடல் மணலைக் குழைத்து ஏன் வீடு கட்டக்கூடாது என்று மேசன் வேலை செய்யும் அப்பாவின் பிள்ளை சொல்லிவிடும்: உப்பு, கம்பி துருப்பிடிக்கும்.

சிர்கோனைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. இது எளிதில் தேயாத, கரையாத கனியம். உள்ளே அகப்பட்ட யுரேனியம் மிக மெதுவாக ஈயமாக மாறுகிறது, அந்த விகிதத்தை அளந்து வயது சொல்வார்கள். அவுஸ்திரேலியாவின் ஜக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கோன் மணி ஒன்று ஏறத்தாழ 440 கோடி ஆண்டு பழையது. அப்படி வயது அளக்கும் கருவிகளைச் சரிபார்க்க வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் வைத்திருக்கும் தரக் கற்களில் சில இலங்கைச் சிர்கோன்தான், வயது ஏறத்தாழ 56 கோடி ஆண்டு. ஜியோடுக்குப் பிரேசிலைப் பார்க்கிறோம், வெளிநாட்டு ஆய்வுகூடத்தார் சிர்கோனுக்கு நம்மைப் பார்க்கிறார்கள்.

மணலுக்கும் குறை உண்டு, மறைக்கத் தேவையில்லை. வகுப்பறை அழுக்காகும், கூட்டுகிற பிள்ளைகள் முறைப்பார்கள். மணி சிறிது, பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டவேண்டும். உருமாறிய பாறையின் வரி எப்படி இருக்கும் என்பதை மணல் காட்டாது, அதற்குச் சல்லியும் கோணேசர் மலையும் வேண்டும். சில பெற்றோர் கதிர்வீச்சு என்று பயப்படுவார்கள். கனிய மணலில் சில இடங்களில் மொனசைட் என்ற கனியம் கொஞ்சம் கலந்திருக்கும், அதில் தோரியம் உண்டு, உண்மைதான். வகுப்பில் ஒரு பாடவேளை ஒரு சிட்டிகையைப் பார்ப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. கையைக் கழுவவேண்டும், வாயில் மூக்கில் போகவிடக்கூடாது, கறுப்பு மணலை வாளிக் கணக்கில் வகுப்பில் சேர்த்து வைக்கவேண்டாம்.

அப்படியானால் ஒழுங்கு என்ன? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்று நாலு பாடவேளை கிடைத்தால் இரண்டை மணலுக்குக் கொடுங்கள், ஒன்றைச் சல்லிக்குக் கொடுங்கள், மிச்சம் இருந்தால் சீனக்காரக் கோதும் ஜியோடும். ஒரே ஒரு பாடவேளைதான் என்றால் மணலும் காந்தமும் மட்டும். ஒன்பதாம் வகுப்பில் கோணேசர் மலை, கன்னியா அரைநாள். பத்தாம், பதினொராம் வகுப்புக்கும் உயர்தரப் பிள்ளைகளுக்கும் புல்மோட்டை முழுநாள், நேரம் இருந்தால் சேருவில செப்பு, காந்த இரும்புப் படிவைப் பற்றியும் படித்துவிட்டுப் போகட்டும். 1971 இல் கண்டுபிடிக்கப்பட்ட அதுவும் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

காசைப் பொறுத்தவரை முதலில் கைவில்லைகள் வாங்குங்கள், இரண்டு பேருக்கு ஒன்று வீதம் இருந்தால் நல்லது. பிறகு வலுவான காந்தம் இரண்டு. அதற்குப் பிறகும் மிஞ்சினால் ஜியோட் ஒன்று, அறுக்காதது, சாயம் போடாதது, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில். அதை உடைப்பதற்கு முதல் வகுப்பைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: இது நம்முடைய கரையில் கிடைத்திருக்குமா, ஏன்? உடைத்த பாதிகளில் ஒன்றை மணல் நெருப்புப்பெட்டிகள் இருக்கும் அதே அலுமாரியில் வைத்துவிட்டு, மற்றதை அடுத்த வருடம் வரும் வகுப்புக்கு எடுத்து வையுங்கள்.